காசுமாலையை எடுத்தது யார்?

தஞ்சை மாவட்டத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 72 வயது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அல்சைமர் வகை டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று இரண்டு வருடத்துக்கு முன் நரம்பியல் மருத்துவர் சொல்லி, டோனெபெசில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். மறதியை மகள் எப்படியோ சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாமல் போனது அம்மாவின் குணம் மாறியதைத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே 'வாங்க, போங்க' என்று அழைத்தவர் இன்று தெரு கேட்கக் கெட்ட வார்த்தை பேசுகிறார். "என் காசுமாலையைத் திருடி உன் புருஷனுக்குக் கொடுத்துட்டே" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார். அந்தக் காசுமாலை, மகளின் கல்யாணத்தன்று அம்மாவே கழுத்தில் போட்டு அழகு பார்த்தது. 20 வருடம் ஆகிறது. பொழுது சாய்ந்தால் கைப்பையும் கையுமாக வாசலுக்கு வந்து "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். பீரோ முன்னால் நின்று யாரையோ திட்டுகிறார். புனேயில் இருக்கும் அண்ணனிடம் மட்டும் போனில் கணீரென்று பேசுகிறார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெருசு பண்றே" என்று சொல்லும் அதே அண்ணன், வீட்டுப் பத்திரத்தை இப்போதே எழுதி வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறாராம்.

வாசகியின் கேள்விகள் மூன்று. இத்தனை வருடமும் அம்மா மனசுக்குள் இந்தக் குறை இருந்ததா? பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி தூக்க மாத்திரையைக் காபியில் கலந்து கொடுக்கலாமா? அண்ணனை என்ன செய்வது?

கடைசிப் பக்கத்தின் அடியில், இடமில்லாமல் நெருக்கி எழுதிய வரிகள் சில: "பத்து நாளாக ரொம்ப மோசம். ராத்திரி பூரா தூங்குவதில்லை. போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார், சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். பகலில் கண்ணைத் திறப்பதே இல்லை. போன வாரம் பொறுக்க முடியாமல் நானும் கையில் ஒரு அடி வைத்துவிட்டேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். ஆனால் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பத்து நாள்

டிமென்ஷியா மெதுவாக இறங்கும் நோய். போன தீபாவளிக்கு இருந்ததற்கும் இந்தத் தீபாவளிக்கும் வித்தியாசம் தெரியும். பத்து நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால், அதை 'நோய் முற்றிவிட்டது' என்ற கணக்கில் எழுதிவிடக் கூடாது. பகல் முழுக்க மயக்கம், இரவு முழுக்க விழிப்பு, இல்லாததைப் பிடிப்பது, போர்வையைப் பிய்ப்பது, ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம். இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். ஊர்ப்பக்கம் 'ஜன்னி கண்டுடுச்சு' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். ஒரே வித்தியாசம், வயதானவர்களுக்கு இது வரக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறுநீர்த் தொற்று, நாலைந்து நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, சொல்லத் தெரியாத வலி என எதுவும் காரணமாகலாம். டிமென்ஷியா உள்ள மூளை இவற்றைத் தாங்காது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குப் பக்கத்திலாவது திரும்பி வருவார்கள்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அவசர அவசரமாகச் சிறுநீர் கழிக்க ஓடுகிறார் என்று இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள். ஆறாம் பக்கத்தில் இன்னொரு வரி: இரண்டு வாரமாகச் சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதே பொருள்தான் சிறுநீர்ப்பையையும் சுருங்க வைக்கிறது. அதனால் சிலருக்கு இந்த மாத்திரையாலேயே சிறுநீர் அவசரம் வரும். அந்த அவசரத்துக்கென்று கொடுக்கப்படும் ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனாசின் போன்ற மருந்துகள் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. பல சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் அதையே செய்யும். ஒரே வண்டியில் முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு பூட்டிய கதை. வண்டி நகராமல் நின்றால்கூடப் பரவாயில்லை, இங்கே குடைசாய்கிறது. மருத்துவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்கு இதுதான் நடந்தது என்று கடிதத்தை வைத்து அடித்துச் சொல்லவும் என்னால் முடியாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நாளைக் காலை ஒரு மஞ்சப்பை எடுங்கள். வீட்டில் அம்மாவுக்கென்று இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் அதில் போடுங்கள். பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சூரணம், சொட்டு மருந்து, எல்லாம். நரம்பியல் மருத்துவரின் மேஜையில் கொட்டி, "இதில் எது எதோடு சேரக் கூடாது?" என்று கேளுங்கள். மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரையை இப்போதே நிறுத்தலாம். மற்றவற்றை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை, சோடியம், சர்க்கரை மூன்றும் அன்றே பார்த்துவிடலாம். கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் எங்கேயாவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மூளைக்கு மேல் மெல்ல ரத்தம் கசிந்து வாரக் கணக்கு கழித்துக் குழப்பமாக வெளிப்படுவது உண்டு, அதற்கு ஸ்கேன் வேண்டும். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, ஒரு பக்கக் கை கால் தொய்கிறது என்றால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அம்மா மனசில் இருந்தது இதுதானா?

இதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கிறது, அடித்து எழுதியதிலேயே தெரிகிறது. நோய் வந்ததும் உள்ளே பூட்டி வைத்த உண்மை வெளியே வருகிறது என்று நினைக்கிறீர்கள். குடித்தவன் உண்மை பேசுவான் என்று நாம் நம்புவது மாதிரி. நிறைய மகள்களும் மருமகள்களும் இதே எண்ணத்தோடுதான் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள்.

நடப்பது வேறு. அம்மாவுக்குக் காசுமாலை தன்னுடையது என்பது ஞாபகம் இருக்கிறது. அது ஆழமாகப் பதிந்த பழைய நினைவு. அதை உங்களுக்குக் கொடுத்தது பின்னால் வந்த நினைவு, அது அழிந்துவிட்டது. இந்த நோயில் நினைவு இன்றிலிருந்து பின்னோக்கித்தான் பெரும்பாலும் தேயும். இப்போது அவர் நிலையில் நின்று யோசியுங்கள். பெட்டியில் இருந்த நகை இல்லை. கொடுத்த ஞாபகமும் இல்லை. அப்படியென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நீங்களும் மாப்பிள்ளையும்தான். தெரிந்த விவரங்களை வைத்து ஒரு தலைமை ஆசிரியை சரியாகவே விசாரணை நடத்தியிருக்கிறார். கணக்கு சரி, ஒரு வரி விடுபட்டுப் போனதால் விடை தப்பு. உங்கள் மேல் பழி விழுவதற்குக் காரணம் வெறுப்பு அல்ல, நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்பதுதான். அண்ணன் வீட்டில் இருந்திருந்தால் திருடியது அண்ணியாக இருந்திருக்கும்.

நாம் இதற்கு 'மறதி நோய்' என்று பெயர் வைத்ததில் ஒரு சங்கடம் இருக்கிறது. மறதி மட்டும்தான் நோய், மற்றதெல்லாம் திமிர் என்று ஆகிவிடுகிறது. அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தது, 1901-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அவரிடம் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண் ஒருவரை வைத்துத்தான். அந்தப் பெண்ணிடம் முதலில் கண்ணில் பட்ட மாற்றம் மறதியல்ல, கணவர் மேல் சந்தேகம். ஆக, சந்தேகம் இந்த நோய்க்குப் புதிதாக ஒட்டிக்கொண்டதல்ல. முதல் நோயாளியிடமிருந்தே கூட வருவது.

கெட்ட வார்த்தைக்கு வருவோம். மூளையின் முன்பகுதி நமக்கு வாய்ப்பூட்டு மாதிரி வேலை செய்கிறது. நினைத்ததை எல்லாம் சொல்லாமல் தடுப்பது அதுதான். அது பழுதாகும்போது பூட்டு கழன்றுவிடுகிறது. பேச்சிலும் இரண்டு வகை உண்டு. யோசித்து வாக்கியம் கட்டுவது ஒன்று. தானாக வாயில் வந்து விழுவது இன்னொன்று, வசவும் வாய்ப்பாடும் இந்த ரகம். முதலாவது போன பிறகும் இரண்டாவது வெகுகாலம் இருக்கும். அம்மா அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து "ஈரெட்டு?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். பதினாறாம் வாய்ப்பாடு வரை போனாலும் ஆச்சரியமில்லை. அந்த வார்த்தைகளை அவர் எங்கே கற்றார் என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்தில் நின்றவருக்கு அவை காதில் விழாமலா இருந்திருக்கும்?

அம்மாவுக்கு உங்கள் மேல் ஒரு குறையும் இருந்ததே இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. குறையே இல்லாத அம்மா-மகள் எங்கே இருக்கிறார்கள்? ஆனால் இப்போது வரும் பேச்சு அதற்குச் சாட்சி ஆகாது.

வீட்டில் என்ன மாற்றலாம்

"நீங்களேதானேம்மா கல்யாணத்துல போட்டீங்க" என்று ஆல்பத்தைக் காட்டி நிரூபிக்கப் பார்த்தேன் என்கிறீர்கள். இனி வேண்டாம். நிரூபிக்க நிரூபிக்க அவருக்குக் கிடைப்பது உண்மை அல்ல, தோல்வி. அன்றைக்கு ஆல்பத்தைத் தூக்கி எறிந்தாரே, அது அந்தத் தோல்வியின் கோபம். "காசுமாலையைக் காணோமா? அடடா, வாங்க தேடலாம்" என்று கூடவே எழுந்து தேடுங்கள். இரண்டு இழுப்பறை திறந்து மூடுவதற்குள் பேச்சை மாற்ற ஒரு பழைய போட்டோவோ ரவிக்கைத் துணியோ கையில் தட்டுப்பட்டுவிடும்.

பீரோ விஷயம். உங்கள் பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதா? அநேகமாக இருக்கும், நம் வீட்டு இரும்பு பீரோக்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். தன் மனக்கணக்கில் நாற்பது வயதில் இருக்கும் அம்மாவுக்கு, கண்ணாடியில் நிற்கும் நரைத்த கிழவி யார் என்று தெரியாது. 'நகை இருக்கிற பீரோவுக்குள் வேறொருத்தி நிற்கிறாள்' என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிடுங்கள். பத்து ரூபாய் செலவில்லை. என்னிடம் வந்த இரண்டு மூன்று குடும்பங்களில், நான் எழுதிக் கொடுத்த மருந்தைவிட இந்தச் சேலை நன்றாக வேலை செய்தது.

மாலை நேரம். நாலு மணிக்கு மேல் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். களைப்பு, மங்கும் வெளிச்சம், நீளும் நிழல் எல்லாம் சேரும். உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. நாலு பத்துக்கு மணி அடித்து, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய கால்கள் அவை. "இதுதாம்மா நம்ம வீடு" என்று வழிமறிப்பதற்குப் பதில், "கிளம்பலாம் டீச்சர், டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றரைக்கே எல்லா விளக்கையும் போடுங்கள். முடிந்தால் கைப்பையோடு தெருமுனை வரை நடந்து திரும்பி வாருங்கள். பாதி நாள் அதோடு அடங்கிவிடும். பாதி நாள் அடங்காது.

கண் புரை, காது மந்தம், பல்வலி மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சரியாகக் கேட்காதவருக்கு நீங்கள் சமையலறையில் போனில் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றிய ரகசியமாகத்தான் தெரியும்.

காபியில் கலக்கும் மாத்திரை

வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடு சொல்லியிருப்பார், ஆனால் அவர் பெயர் சொன்ன அல்பிரஸோலம் வகை மாத்திரை உங்கள் அம்மாவை இன்னும் குழப்பும், நடையைத் தள்ளாட வைக்கும். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் இன்று இருக்கும் கஷ்டம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். டெலிரியத்தில் இருப்பவருக்கு இது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

சந்தேகத்துக்கும் ஆவேசத்துக்கும் மனநல மருத்துவர்கள் தரும் ரிஸ்பெரிடோன், க்வெட்டியாபின் போன்றவை வேறு வகை. அவற்றை நானும் எழுதுகிறேன், ஆனால் கை கூசித்தான் எழுதுகிறேன். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால், மற்றதெல்லாம் செய்து பார்த்த பிறகு, மிகக் குறைந்த அளவில், சில வாரங்களுக்கு என்று நாள் குறித்துக் கொடுக்கலாம். எறும்பு தெரிவது உடம்பு சரியான பிறகும் நிற்கவில்லை என்றால், ஆட்கள் தெரிகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால், லூயி பாடி வகை டிமென்ஷியாவாக இருக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வகையில் இந்த மருந்துகள் உடம்பை விறைக்க வைத்துப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து வெறிப்பது, சாப்பாட்டில் பிடிப்பில்லாதது, காரணமில்லாத அழுகை இவை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

அண்ணனும் பத்திரமும்

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்பது அந்த ஐந்து நிமிட அம்மாதான். "சாப்டியா? பசங்க படிக்கிறாங்களா? உடம்பைப் பாத்துக்கோ" என்ற போன் பேச்சுக்குப் புது நினைவு எதுவும் வேண்டாம், அதுவும் தானாக வரும் பேச்சுதான். அவரிடம் வாதாடாதீர்கள், விளக்கி நீளமாக வாட்ஸ்அப்பும் அனுப்பாதீர்கள். டெலிரியம் சரியானதும் ஒரு வாரம் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். ஒரு நாள் போதாது, விருந்தாளி வந்த உற்சாகத்தில் அம்மா அன்றைக்கும் நன்றாக இருப்பார். அண்ணன் வந்ததும் நீங்கள் வெளியூர் போய்விடுங்கள். மூன்றாவது நாள் இரவு காசுமாலையைத் திருடியது அவர்தான் என்று தெரியவரும்.

பத்திரம் பற்றிச் சட்டம் தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். சான்றிதழ் கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதை மட்டும் உங்களுக்கும் சொல்கிறேன். என்ன எழுதித் தருகிறோம், யாருக்கு, அதனால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ள முடியாத நிலையில் வாங்கும் கையெழுத்து பின்னால் நீதிமன்றத்தில் நிற்காது. உங்கள் பேருக்கு எழுதினாலும் அதே கதைதான். 'பவர் பத்திரம் வாங்கி வைத்தால் போதும்' என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியல்ல. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். தெளிவு முற்றிலும் போன பிறகு சொத்தைக் கையாள வேண்டியிருந்தால், உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் கேட்பதுதான் வழி. அம்மா இன்னும் எதையெல்லாம் புரிந்து முடிவெடுக்கிறார் என்பதை டெலிரியம் தெளிந்த பிறகு மனநல மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். அதுவரை அண்ணனிடம் ஒரே பதில்: "அம்மா உடம்பு தேறட்டும்."

அந்த ஒரு அடி

அதை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினீர்கள். சரியா என்று கேட்டால் சரியில்லை, அது உங்களுக்கே தெரிந்ததால்தான் பக்கத்தின் அடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது அடி அல்ல, இந்தப் பத்து நாளாக நீங்களும் தூங்கவில்லை என்பது. தூங்காத கை ஓங்கும். அடுத்த தடவை கை எழும்போது அம்மா விழாத இடத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்து விடுங்கள். அஞ்சு நிமிஷம் கழித்துத் திரும்பி வரும்போது அவருக்கு அந்தச் சண்டை ஞாபகம் இருக்காது. இந்த நோய் செய்யும் ஒரே உபகாரம் அது.

வாரத்தில் இரண்டு இரவு உங்கள் கணவர் அம்மாவின் அறையில் படுக்கட்டும். மகளிடம் ப்ளஸ் டூ பரீட்சை என்று எதையும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், பாட்டியோடு வாய்ப்பாடு சொல்லும் வேலையை அவளிடம் கொடுங்கள். மனசு தாங்காத இரவில் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். முதியோர் தொடர்பான மற்ற உதவிகளுக்கு 14567.

அப்புறம் அந்தக் காசுமாலை. கடைத்தெருவில் ஒரு கவரிங் கடைக்குப் போய், முடிந்தவரை அதே மாதிரி ஒன்று வாங்கி அம்மாவின் பெட்டியில் போட்டு வையுங்கள். ஏமாற்று வேலை என்று உறுத்தினால், பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் எப்படி ஆகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்த்துவிட்டு அவர் "இது என்னுது இல்லை" என்று தள்ளவும் கூடும், தள்ளினால் வற்புறுத்தாமல் எடுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் அங்கேயே இருக்கட்டும். அண்ணன் ஊருக்கு வருவதற்கு முன்னால் மட்டும், அது கவரிங் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.